கொசுவைத் தேடிய நாடும் கிருமியைக் கண்ட ஆய்வுக்கூடமும்

ஒரு நோய்க்குத் தவறான பெயரை வைத்துவிட்டால் என்ன நேரும்? இந்தக் கேள்விக்கான விடையை மலேசியா 1999ஆம் ஆண்டில் மிகப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் கடும் காய்ச்சல், தலைவலி, மயக்கம் என்று மருத்துவமனைக்கு வரத் தொடங்கினர். சிலரின் மாதிரிகளில் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கான அடையாளங்கள் தென்பட்டன. உடனே 'ஜே.இ.' என்று முடிவாயிற்று. அது கொசுவால் பரவும் நோய் என்பதால், புகைமருந்து அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது.

ஆனால் நோய் அடங்கவில்லை. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ உழைக்கும் வயதிலிருந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கே நோய் அதிகம் வந்தது. பன்றிகளும் இருமி இருமிச் செத்தன. கொசுதான் காரணம் என்றால் பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் அது ஏன் விட்டுவைத்தது?

இதற்கிடையில் பேராக்கிலிருந்து தெற்கே கொண்டு செல்லப்பட்ட பன்றிகளோடு நோயும் பயணம் செய்தது. நெகிரி செம்பிலானில் சிக்காமாட், புக்கிட் பெலாண்டோக் ஆகிய இடங்களில் மரணங்கள் பெருகின.

இந்த முடிச்சை அவிழ்த்தது கோலாலம்பூரில் உள்ள ஓர் ஆய்வுக்கூடம். 1999 மார்ச் மாதம், மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் துறையில், நோயாளியின் முதுகுத்தண்டு நீரை டாக்டர் சுவா காவ் பிங் உயிரணுக்களில் இட்டு வளர்த்தார். சில நாள்களில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய திட்டுகளாயின. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கிருமி அப்படிச் செய்வதில்லை. மாதிரியை அவர் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். அங்கே மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது தட்டம்மைக் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்தது எனத் தெரிந்தது. 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா கிருமிக்கு இது நெருங்கிய உறவு என்பதும் பின்னர் உறுதியானது. மாதிரியைத் தந்த நோயாளி வசித்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே கிருமிக்குச் சூட்டப்பட்டது.

பெயர் மாறியதும் நடவடிக்கையும் மாறியது. பண்ணைகள் மூடப்பட்டன, மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர், 10 லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. சிங்கப்பூரில், மலேசியப் பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டது, ஒருவர் இறந்தார். மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் உயிரிழந்தனர். பல குடும்பங்கள் தொழிலையும் சொத்தையும் இழந்தன.

ஆய்வுக்கூடத்தின் வேலை அதோடு முடிந்துவிடவில்லை. கிருமி எங்கிருந்து வந்தது என்ற தேடலில், பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரிலிருந்து அதே கிருமியைத் தியோமான் தீவில் டாக்டர் சுவா குழுவினர் பிரித்தெடுத்தனர். இந்த அறிவு பிற நாடுகளுக்கும் உதவியது. 2018 மே மாதம் கேரளாவின் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக் காய்ச்சல் கண்டபோது, மருத்துவர்கள் விரைவில் சந்தேகம் கொண்டனர். மணிப்பால், புனே ஆய்வுக்கூடங்கள் நிப்பா என்று உறுதிசெய்ய, நோயாளிகளோடு பழகியவர்களைத் தனிமைப்படுத்தும் பணி உடனே தொடங்கியது. எதைத் தேட வேண்டும் என்பது அப்போது தெரிந்திருந்தது.

பொதுச் சுகாதார ஆய்வுக்கூடம் என்பது 'உண்டு', 'இல்லை' என்று தாளில் எழுதிக் கொடுக்கும் இடம் மட்டுமன்று. கிடைத்த பதில் நோயாளியின் நிலைக்குப் பொருந்தவில்லை என்றால், மறுபடியும் கேள்வி கேட்கவேண்டிய இடமும் அதுவே. நாடு எந்த எதிரியோடு போராடுகிறது என்பதை அந்தக் கண்ணாடிக் குப்பிதான் சொல்கிறது. அது சொல்லும்வரை, புகைமருந்து எவ்வளவு அடித்தாலும் காற்றில்தான் கரையும்.