வசந்தத்தை முந்திய பாத்திகள்

ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் பிப்ரவரியும் மார்ச்சும் அடுக்களைக்கு வறட்சியான மாதங்களாக இருந்தன. முந்தைய அறுவடையில் சேமித்த கிழங்கும் முட்டைக்கோசும் தீரும் தறுவாயில் இருக்க, தோட்டத்து மண்ணோ விதை முளைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்து கிடந்தது. இந்த இடைவெளியை நிரப்பப் பாரிஸ் நகரத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் செம்மைப்படுத்திய முறையே வெப்பப் பாத்தி, அதாவது மக்கும் சாணத்தின் சூட்டால் மண்ணை அடியிலிருந்து வெதுவெதுப்பாக்கும் பாத்தி ஆகும்.

பருவத்தை முந்தி விளைவிக்கும் ஆசை மிகப் பழையது. ரோமப் பேரரசர் டைபீரியஸுக்காகச் சக்கரம் பூட்டிய பாத்திகளில் வெள்ளரி வளர்க்கப்பட்டதை ரோம எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். பிரான்சில் பதினான்காம் லூயிக்காக 1678 முதல் 1683 வரை வெர்சாயில் அரச காய்கறித் தோட்டத்தை அமைத்த லா கேந்தினி, சாணச் சூட்டையும் கண்ணாடியையும் துணைக்கொண்டு டிசம்பரில் அஸ்பாரகசும் ஜனவரியில் லெட்யூஸ் கீரையும் அரசரின் உணவு மேசைக்கு அனுப்பினார். அரண்மனைக்குரியதாயிருந்த அந்த விளைச்சலை நகரச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள், 'மரேஷே' என்று அழைக்கப்பட்ட பாரிஸ் தோட்டக்காரர்களே; அவர்களுள் இருவரான மொரோவும் தவேர்னும் 1845இல் வெளியிட்ட கையேடு அத்தொழிலின் நுணுக்கங்களை எழுத்தில் நிலைநிறுத்தியது.

வண்டிகளாலும் லாயங்களாலும் நிறைந்திருந்த பாரிசில் குதிரைச் சாணத்துக்குப் பஞ்சமில்லை. வைக்கோல் கலந்த புதுச் சாணத்தைக் குவித்து, கிளறி, மிதித்துப் பரப்பினால் நுண்ணுயிர்களின் செயலால் அது கொதிப்பேறும். அந்தக் கடுஞ்சூடு தணிந்தபின் அதன்மேல் நன்கு மக்கிய எருமண்ணை ஒரு சாண் அளவுக்கு இட்டு, கண்ணாடிச் சட்டத்தால் மூடி விதைப்பர். முள்ளங்கியும் கேரட்டும் ஒன்றாக விதைக்கப்பட்டு, அவற்றினூடே லெட்யூஸ் நாற்றும் நடப்படுவதுண்டு. முள்ளங்கி முதலில் பிடுங்கப்பட, அது விட்ட இடத்தில் லெட்யூஸ் விரிந்து அறுவடையாகும். அதன்பின்னரே கேரட் திரளும். மணி வடிவக் கண்ணாடிக் கவிப்புகளும் பயன்பட்டன. நண்பகல் வெயிலில் அவற்றின் விளிம்பை வெட்டுப் படிகள் கொண்ட மரக்குச்சியால் உயர்த்திக் காற்று விடுவதும், இரவில் வைக்கோல் பாயால் போர்த்துவதும் நாள்தோறும் தவறாத பணிகள்.

சூடு அடங்கிய சாணம் வீணாகாமல் அடுத்த ஆண்டின் எருமண்ணாக மாறியது. இவ்வாறு உருவாக்கிய மண்ணைத் தம் உழைப்பின் சொத்தாகவே அவர்கள் கருதினர் என்பதற்கு, குத்தகை நிலத்தை விட்டுச் செல்லும்போது மேல்மண்ணைக் குறிப்பிட்ட ஆழம்வரை அள்ளிச் செல்லும் உரிமை ஒப்பந்தங்களில் இடம்பெற்றதே சான்று.

இத்தொழில் நலிந்ததற்கும் நகரமே காரணம். நகர விரிவாக்கம் தோட்டங்களைப் புறநகருக்குத் தள்ளியது. ரயில் தென்பகுதியின் காய்கறிகளை விரைந்து கொண்டுவந்தது. மோட்டார் வண்டிகள் பெருகி, 1913இல் பாரிசின் கடைசிக் குதிரை ஆம்னிபஸும் நின்றபோது சாணத்தின் வரத்தும் வற்றத் தொடங்கியது. இன்று ஐரோப்பியக் குளிர்நாடுகளின் வீட்டுத் தோட்டங்களில் பழைய சன்னல் கண்ணாடியைப் பலகைச் சட்டத்தின்மேல் சாய்த்து வசந்தத்தின் தொடக்கத்தில் கீரை விதைப்போர், அம்மரபின் கண்ணாடியை மட்டும் பெற்று, வெயிலின் சூட்டையே நம்பி நிற்கின்றனர். பாரிஸ் தோட்டக்காரர்களின் பெருமையோ, நகரம் கழித்த சாணத்தை அதே நகரத்தின் உணவாக மாற்றி, எஞ்சியதையும் மண்ணாக்கிச் சேர்த்ததில் இருக்கிறது. கழிவைச் சுமையாகவே காணும் இக்கால நகரங்கள் அவர்களிடம் கற்க வேண்டிய பாடமும் அதுவே.