மனை இல்லாதவருக்குக் கடன் எதற்கு?

திருவிடைமருதூர் பக்கம் காலனி வீடுகளைப் பாக்குறவங்க, அரசாங்கம் பணம் குடுத்துச்சு, கட்டிக்கிட்டாங்கன்னு நினைப்பீங்க. அவ்வளவு சுலபமில்லை. 1957-ல் மத்திய அரசு கிராம வீட்டு வசதித் திட்டத்தில் வீடு கட்டக் கடன் தந்தது. ஈடு காட்ட மனை வேணுமே! இங்கே பண்ணையாள் குடிசை நின்றது மிராசுதார் மண்ணில். கூலி கூடக் கேட்டால் குடிசையும் போகும்ங்கிற பயம் கூடவே இருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறின் உச்சத்தில், கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

1971-ல் கலைஞர் அரசு போட்ட குடியிருப்புச் சட்டம்தான், கூலிக்காரர் குடியிருந்த மண்ணை அவருக்கே சொந்தமாக்கியது. என்னைக் கேட்டால், எந்தக் கடனைவிடவும் அது பெரிசு. 1985-ல் ஆரம்பிச்ச இந்திரா குடியிருப்புத் திட்டம் கடனில்லை, மானியம். இன்னிக்கும் எந்த வீட்டுத் திட்டத்துக்கு மனு குடுத்தாலும் முதல்ல கேக்குறது பட்டாவைத்தான்.