பீரோ நிறையப் பணம்... சாவி எங்கே?

நாலு படி ஏறியதுமே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் ஒருவரைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள்? 'சரியான சோம்பேறி!' பி.டி. மாஸ்டர் முதல் பெற்ற தாய் வரை கொடுக்கும் பட்டம் அதுதான். அந்தப் பட்டம் எவ்வளவு பெரிய அநியாயமாக இருக்கக்கூடும் என்று காட்டியவர் பிரையன் மெக்கார்டில். லண்டன் டாக்டர்.

அவரிடம் வந்தவருக்கு 30 வயது. சின்ன வயதிலிருந்தே, கொஞ்சம் உழைத்தாலும் தசையில் வலி, விறைப்பு. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். மெக்கார்டில் அவர் கையில் பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தினார். கைத்தசைக்கு வேலை கொடுத்தார். பிறகு ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். நமக்கெல்லாம் அப்போது லாக்டிக் அமிலம் கிடுகிடுவென ஏறியிருக்கும். தசை, சர்க்கரையைச் செலவழித்ததற்கு அதுதான் ரசீது. இவருக்கோ ஏறவே இல்லை! 1951-ல் இதை எழுதி வெளியிட்டார்.

நான் படித்தது பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேனே... உபரிச் சர்க்கரையை உடம்பு, கிளைக்கோஜன் என்ற பெயரில் முக்கியமாக இரண்டு இடங்களில் டெபாசிட் செய்கிறது. ஒன்று, தசை. இது வீட்டு பீரோ. சொந்தச் செலவுக்கு மட்டும்தான், கைமாற்று கிடையாது. இன்னொன்று, கல்லீரல். இது ஊர்ப் பொது பாங்க். ராத்திரி நீங்கள் தூங்கும்போது மூளைக்குப் பட்டுவாடா செய்வது இதுதான். பூட்டைத் திறக்கும் சாவிகள், என்சைம்கள்.

அந்த நோயில் தொலைந்த சாவி பாஸ்பாரிலேஸ். 1959-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. பீரோ நிறையப் பணம்... எடுக்கத்தான் வழியில்லை!

இந்தச் சாவியை 1930-களிலேயே அடையாளம் காட்டியவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி. செயின்ட் லூயிஸில் கணவர் பேராசிரியர். சேர்ந்தே ஆராய்ச்சி செய்த மனைவிக்கோ வெறும் உதவியாளர் வேலை, சொற்பச் சம்பளம். நோபல் பரிசு வாங்கிய 1947-ல்தான் கெர்ட்டிக்கும் பேராசிரியர் பதவி வந்தது. அதே வருஷம், எலும்பு மஜ்ஜையை அழிக்கும் நோயும் வந்தது.

அந்த அம்மா ஓயவில்லை. 1929-ல் ஜெர்மானியர் வான் கீர்க்கே, இறந்த குழந்தைகளின் கல்லீரலில் கிளைக்கோஜன் மலைபோல் குவிந்திருப்பதைப் பார்த்திருந்தார். பாங்க் வழிகிறது, குழந்தையின் ரத்தத்திலோ சர்க்கரை இல்லை. ஏன்? கல்லீரலை விட்டுச் சர்க்கரை வெளியேறுமுன், அதோடு ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்ற வேண்டும். அதைக் கழற்றும் என்சைம்தான் இல்லை என்று 1952-ல் கோரி தம்பதி காட்டினார்கள். பரம்பரை நோய் ஒன்றுக்குக் கல்லீரலில் குறிப்பிட்ட ஒரு என்சைம் இல்லாததே காரணம் என்று நிரூபணமானது அதுவே முதல் தடவை. 1957-ல் கெர்ட்டி மறைந்தார்.

அந்தக் குழந்தைகள் சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே வலிப்பு வரலாம், உயிரே போகலாம். 1984-ல் எளிய வழி ஒன்று கிடைத்தது. பச்சை மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது! வயிற்றில் மெதுவாகக் கரைந்து மணிக்கணக்கில் சர்க்கரை தரும். காய்ச்சினால் சீக்கிரமே ஜீரணமாகிவிடும், உதவாது.

மெக்கார்டில் நோயாளிகளுக்கும் ஒரு ஆறுதல். வலி ஆரம்பித்ததும் வேகத்தைக் குறைத்து, பத்து நிமிஷம் போல மெதுவாக நடந்தால் வலி விலகிவிடும். கல்லீரல் அனுப்பும் சர்க்கரையும் கொழுப்பும் ரத்தம் வழியாக வந்து கைகொடுக்கின்றன. பீரோ பூட்டியிருந்தாலும் பாங்க் திறந்திருக்கிறதே!

சாவி தொலைத்தவரைப் பார்த்து, 'கஞ்சன்' என்று ஏசுவோமா? பின் எதற்கு அந்த 'சோம்பேறி'ப் பட்டம்?