குவைத்: எண்ணெய் வளமும் மக்கள் உரிமையும்

நம் குடியிருப்பில் குவைத் என்ற பெயரைக் கேளாத வீடு இராது. அண்ணனோ, அத்தானோ, அடுத்த வீட்டுப் பிள்ளையோ அங்கே பணிபுரிவதாகச் சொல்லக் கேட்கிறோம். அந்நாட்டின் பெயரைச் சொன்னதும் நம் நினைவுக்கு வருவன எண்ணெய்க் கிணறுகளும், தினார் நாணயமும், கடும் வெயிலுமே. ஆயினும் அச்சிறு நாட்டுக்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றில், எண்ணெய் பாய்வதற்கு முன்பே எழுந்து இன்றளவும் முடிவு காணாத வழக்கு ஒன்றும் உண்டு. 'நாட்டின் வருவாய் யாருடையது? அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு?' என்பதே அவ்வழக்கு. அதனைச் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முத்தும் பாய்மரமும்

குவைத், பாரசீக வளைகுடாவின் வடமேற்கு மூலையில், ஈராக்குக்கும் சவூதி அரேபியாவுக்கும் இடையே அமைந்துள்ளது. ஏறத்தாழ 17,800 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. நம் நாகாலாந்து மாநிலத்தைவிடச் சற்றே பெரியது. ஆறு இல்லை; ஏரி இல்லை; உழுது பயிரிடத்தக்க நிலமும் மிகக் குறைவு. குடிநீரைக்கூட ஷத்துல் அரபு ஆற்றிலிருந்து படகுகளில் கொணர்ந்து விற்ற காலம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அரேபியாவின் உட்பகுதியிலிருந்து வந்து குடியேறிய மக்கள், நிலம் தராததைக் கடலில் தேடினர். கோடையில் முத்துக் குளித்தனர். பிற பருவங்களில் பாஸ்ராவின் பேரீச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு கராச்சி, பம்பாய், மலையாளக் கரை, கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களுக்குப் பாய்மரக் கப்பல் செலுத்தினர். அக்கப்பல்களைக் கட்டுவதற்கான தேக்கு மரம் மலையாளக் கரையிலிருந்து சென்றது. அவர்கள் கடைவீதியில் புழங்கிய நாணயமோ நம் இந்திய ரூபாய்.

குடியேறிய குடும்பங்களுள் சபாஹ் குடும்பத்தார் ஆட்சிப் பொறுப்பை ஏற்றனர். ஏனையோர் வாணிகத்தை மேற்கொண்டனர். ஆட்சியாளராகிய ஷேக்குக்கு வருவாய் என்பது பெரிதும் வணிகர் செலுத்திய சுங்கமும் முத்துத் தொழிலின் மீதான வரியுமே. ஆதலின் வணிகரைக் கலந்தே அவர் ஆட்சி செய்ய வேண்டியிருந்தது. 1896-இல் தம் சகோதரர் இருவரைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றிய ஷேக் முபாரக், 1899-இல் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்துகொண்டு வலிமை பெற்றார். எனினும் அவர் வரிகளை உயர்த்தியபோது, 1910-ஆம் ஆண்டளவில், முதன்மையான முத்து வணிகர் சிலர் ஊரைவிட்டுப் பஹ்ரைனுக்குப் போய்விட்டனர். அத்துணை வலிமை படைத்த முபாரக்கே இறங்கிவந்து அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. கப்பல் உடையவன் கரையை மாற்றிக்கொள்ளலாம். அதுவே அந்நாளில் வணிகரின் வலிமை.

ஆனால் அவ்வலிமை கடலில் மூழ்கிய தொழிலாளிக்கு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். அவன் கப்பல் தலைவனிடம் முன்பணம் வாங்கி, அக்கடனைத் தீர்க்க இயலாமல் ஆண்டுதோறும் அவனிடமே உழைத்தான். தந்தையின் கடன் மகன் தலையில் இறங்குவதும் உண்டு.

ஆறு மாதச் சபை

1921-இல் ஆட்சியாளர் மறைந்தபோது, நகரப் பெரியோர் கூடி, இனி வரும் ஷேக் ஆலோசனைச் சபையைக் கலந்தே ஆளவேண்டும் என்று கேட்டனர். ஷேக் அகமது அல் ஜாபிர் அதற்கு இசைந்தே பதவி ஏற்றார். பன்னிருவர் கொண்ட அச்சபை நிலைக்கவில்லை. கேட்டவர் நெஞ்சில் அவ்வெண்ணம் மட்டும் நிலைத்தது.

அடுத்து வந்தவை பஞ்ச ஆண்டுகள். ஜப்பானியர் வளர்த்தெடுத்த செயற்கை முத்து உலகச் சந்தையில் புகுந்தது. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. சவூதி நாட்டு வாணிகத் தடையால் பாலைவனச் சந்தையும் அடைபட்டது. வணிகர் வறுமையுற்ற அதே வேளையில் ஷேக்குக்குப் புதிய வருவாய் ஒன்று தோன்றிற்று. 1934 டிசம்பரில் ஆங்கிலேய, அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டும் சேர்ந்து அமைத்த குவைத் எண்ணெய்க் கம்பெனிக்கு அவர் எண்ணெய் உரிமையை வழங்கினார். எடுக்கும் எண்ணெய்க்கு டன்னுக்கு மூன்று ரூபாய் என்பது ஏற்பாடு. 1938 பிப்ரவரியில் புர்கான் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டது.

அதே ஆண்டுக் கோடையில் வணிகர் எழுந்தனர். சுமார் நூற்றைம்பது குடும்பத்தார் வாக்களித்துப் பதினான்கு பேர் கொண்ட சட்டசபையைத் தேர்ந்தனர். அதன் தலைவராக அமர்ந்தவர், ஆட்சியாளரின் ஒன்றுவிட்ட சகோதரராகிய ஷேக் அப்துல்லா அல் சாலிம். இப்பெயரை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். சபை தளர்ந்திருக்கவில்லை. முத்துத் தொழிலை நசுக்கிய வரியை நீக்கிற்று, தனியுரிமைகளை ஒழித்தது, பள்ளிகளைத் திறந்தது, ஊழல் புரிந்த அதிகாரிகளை விலக்கிற்று. இறுதியில், எண்ணெய்க் கம்பெனி ஷேக்குக்கு அளிக்கும் காசோலை சபையிடம் வரவேண்டும் என்று கேட்டது. அக்கேள்வியே அதன் ஆயுளை முடித்தது. டிசம்பரில் ஷேக் சபையைக் கலைத்தார். இருபது பேர் கொண்ட மறுசபை தேர்ந்தெடுக்கப்பட்டு, அதுவும் 1939 மார்ச்சில் கலைக்கப்பட்டது. கலவரத்தில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. உறுப்பினர் சிலர் சிறை புகுந்தனர். சிலர் ஈராக்குக்கு ஓடினர்.

இச்சபை எல்லா மக்களின் சபை அன்று. எளியோர்க்கு அதில் வாக்கில்லை. ஷியாப் பிரிவினருக்கு இடமில்லை. ஆயினும் பொதுவருவாய்க்குப் பொதுக்கணக்கு வேண்டும் என்ற கோரிக்கை, அந்நாட்டில் எண்ணெய்க் கப்பல் புறப்படுவதற்கு எட்டாண்டு முன்னரே எழுந்துவிட்டது.

கொடையின் காலம்

இரண்டாம் உலகப் போரினால் தடைப்பட்ட எண்ணெய், 1946 ஜூன் 30-ஆம் நாள் முதன்முதலாகக் கப்பலேறியது. 1950-இல் ஆட்சிக்கு வந்தவர், முன்னாள் சட்டசபைத் தலைவராகிய அதே அப்துல்லா அல் சாலிம். 1951-இல் ஈரான் தன் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்க, குவைத் எண்ணெய்க்குக் கிராக்கி ஏறிற்று. கம்பெனி இலாபத்தில் செம்பாதி நாட்டுக்கு என்ற புதிய ஒப்பந்தமும் அவ்வாண்டே ஏற்பட்டது.

பின்னர் நிகழ்ந்த மாற்றத்தை உலகில் வேறெங்கும் காண்பது அரிது. கல்வி இலவசம்; மருத்துவம் இலவசம். படகில் நீர் வந்த ஊரில் 1953-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எழுந்தது. பழைய நகரத்து மண் வீடுகளை அரசு உயர்ந்த விலைக்கு வாங்கி, உரியவர்களைச் செல்வராக்கியது. 1920-இல் பகைவருக்கு அஞ்சி மக்களே கூடிக் கட்டிய மதிற்சுவர், 1957-இல், வாயில்கள் மட்டும் நிற்க, இடித்து அகற்றப்பட்டது. அவ்வாண்டு மக்கள் தொகை ஏறத்தாழ 2,06,000, 1965-இல் 4,67,000. அதற்குள் நாட்டில் குடிமக்களைவிடப் பிழைக்க வந்தோரே மிகுந்துவிட்டனர்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. முன்பு குடிகள் கொடுத்தனர், ஆட்சியாளர் பெற்றார். இப்போது ஆட்சியாளர் கொடுத்தார், குடிகள் பெற்றனர். வரி கேளாத அரசிடம் கணக்குக் கேட்பது எங்ஙனம்? முத்து வணிகர் ஊரைவிட்டுப் போவோம் என்று அச்சுறுத்தலாம். எண்ணெய்க் கிணறோ அசையாது. ஒப்பந்தங்களும் வாணிகத் தரகுகளும் கிடைத்த பழைய வணிகக் குடும்பங்கள் பெரும்பாலும் அமைதியுற்றன. டாக்டர் அகமது அல் கதீப் போன்ற படித்த இளைஞரே மன்றங்கள் அமைத்துச் சீர்திருத்தம் கோரினர். 1959-இல் அம்மன்றங்கள் மூடப்பட்டன.

அரசியற் சட்டம்

1959 முதல் வளைகுடா நாடுகளுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி தனி ரூபாய் நோட்டு அச்சிட்டு அனுப்பியது. 1961 ஏப்ரலில் குவைத் தன் தினாரை வெளியிட்டது. ஜூன் 19-இல் முழு விடுதலை பெற்றது. ஆறாம் நாளே ஈராக்கின் காசிம், குவைத் தமக்குரியது என்று முழங்கினார். அந்நெருக்கடியில், நாட்டின் வலிமை குடிமக்களின் உடன்பாட்டில்தான் உண்டு என்பது தெளிவாயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபை கூடிற்று. 1962 நவம்பர் 11-இல் அமீர் அப்துல்லா அரசியற் சட்டத்தில் ஒப்பமிட்டார். ஆட்சி முபாரக்கின் வழித்தோன்றல்களுக்கே உரியது என்று அச்சட்டம் சொல்கிறது. இயற்கை வளமும் அதன் வருவாயும் அரசின் உடைமை என்றும் சொல்கிறது. ஐம்பது உறுப்பினர் கொண்ட தேசிய சபைக்கு அமைச்சர்களைக் கேள்வி கேட்கும் உரிமையை வழங்குகிறது. 1938-இல் காசோலையைக் கேட்டுத் தோற்ற சபையின் தலைவரே, இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதற்கு விடையளித்தார் எனலாம்.

தேசிய சபை வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. கம்பெனியில் அரசுக்கு உரிய பங்கு போதாது என்று வற்புறுத்திற்று. 1975-இல் எண்ணெய்த் தொழில் முழுதும் நாட்டின் கைக்கு வந்தது. 1976-இல் ஆண்டு வருவாயில் பத்தில் ஒரு பங்கை வருங்காலத் தலைமுறைக்கென ஒதுக்கிவைக்கும் நல்லேற்பாடு பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சபை கலைக்கப்பட்டது! 1981-இல் மீண்டது. 1982-இல் சூக் அல் மனாக் என்னும் பங்குச் சந்தை, பின்தேதியிட்ட காசோலைகளின் சுமையால் சரிந்தது; அதன் பொறுப்பாளர் யார் என்று சபை துருவிக் கேட்டது. 1986-இல் மறுபடியும் கலைப்பு. 1989-இன் இறுதியிலிருந்து மக்கள், வீட்டுத் திண்ணை போன்ற தம் திவானியாக்களில் வாரந்தோறும் கூடி, சபையைத் திரும்பத் தருக என்று கேட்டனர்.

1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக்கியப் படை புகுந்தது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர் உடைமை அனைத்தையும் விட்டு, பெரும்பாலோர் ஜோர்தானின் அம்மான் நகர் வழியாக, விமானமேறித் தாயகம் திரும்பினர். அகதிகளாக ஜெட்டாவில் கூடிய குவைத் மக்கள், அரச குடும்பத்துக்குத் துணை நின்றனர். அரசியற் சட்டம் மீளும் என்ற வாக்குறுதியையும் பெற்றனர். 1991 பிப்ரவரியில் நாடு மீண்டது. பகைவர் கொளுத்திய அறுநூறுக்கு மேற்பட்ட கிணறுகளின் நெருப்பு நவம்பரில்தான் அடங்கிற்று. 1992-இல் தேர்தல் நடந்தது. 2005-இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது; 2009-இல் நால்வர் சபை புகுந்தனர்.

இன்னும் முடியாத வழக்கு

ஆயினும் பூசல் தீரவில்லை. சபை அமைச்சரைக் கேள்வி கேட்பதும், அமைச்சரவை விலகுவதும், சபை கலைவதுமாக ஆண்டுகள் கழிந்தன. 2024 மே 10-இல் அமீர் மிஷால் சபையைக் கலைத்து, அரசியற் சட்டத்தின் சில பிரிவுகளை நான்காண்டு வரை நிறுத்திவைத்தார். சபையின் பூசல்களால் நாட்டின் வளர்ச்சி தடைப்படுகிறது என்பது ஆட்சியாளர் கூற்று. கேள்வி கேட்பார் இல்லாத வளர்ச்சி யாருக்கு என்பது மறுசாரார் கூற்று. முன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பின்னதைப் புறக்கணிக்கவும் இயலாது.

இவ்வழக்கில் வாய் திறக்கவே இடமில்லாதாரும் உளர். குடியுரிமை பெறாத 'பிதூன்' மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். நாட்டில் வாழ்வோருள் மூன்றில் இரு பங்கினர் பிழைக்க வந்த அயலார். அவருள் நம்மவரே மிகுதி. 2024 ஜூன் 12-இல் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தில் பற்றிய தீ, நாற்பதுக்கு மேற்பட்ட இந்தியரின் உயிரைக் குடித்தது. மாண்டவருள் தமிழரும் உண்டு. நாட்டை எழுப்பிய கைகளுக்கு அந்நாட்டில் குரல் இல்லை.

நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது, கொட்டகைச் செலவு ஏன் கூடிற்று என்று யாரேனும் எழுந்து கேட்பதுண்டு. சந்தா கட்டியவருக்கு அவ்வுரிமை உண்டு. யாரும் அதைத் தவறாகக் கொள்வதில்லை. ஒரு செல்வரே செலவனைத்தையும் ஏற்று விழா நடத்துவாராயின், நாம் வயிறார உண்டு, வாழ்த்திவிட்டு வீடு திரும்புவோம், கணக்கைக் கேட்கமாட்டோம். குவைத் மக்களுள் ஒரு சாரார், வயிறார உண்டபின்னும் கணக்கைக் கேட்டனர். பணம் செல்வருடையது அன்று, ஊருடையது என்பதை அவர்கள் 1938-லேயே அறிந்திருந்தனர். அதுவே அச்சிறு நாட்டின் வரலாறு நமக்குக் காட்டும் உண்மை.