உடலுக்கும் நீருக்கும் அளந்த படகு: கயாக்கும் பாஸ் மீன்பிடிப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பாஸ் என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்காகக் கயாக் வாங்க நினைப்பவர், நீளம், அகலம், எடை, இருக்கையின் உயரம், கையால் துடுப்பு வலிப்பதா காலால் மிதிப்பதா என்று பல கேள்விகளுக்கு இன்று விடை கண்டாக வேண்டியிருக்கிறது. சந்தை உண்டாக்கிய புதிய கேள்விகளாகத் தோன்றும் இவற்றுள் பெரும்பாலானவை, வடதுருவத்தை ஒட்டிய கடற்கரைகளில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்து, அந்தந்தக் கரைக்கு ஏற்ற விடையையும் பெற்றவை. ஒவ்வொரு காலத்திலும் இந்தச் சிறு படகு எதற்குப் பொருந்த வேண்டும் என்று மக்கள் முடிவு செய்தார்கள் என்பதே கயாக் வரலாற்றின் மையம். வேட்டைக்காரரின் உடல், ரயில் பெட்டி, தொழிற்சாலை அச்சு, மீன் வாழும் நீர் என்று அந்த அளவுகோல் மாறி வந்த வழியில்தான் பாஸ் மீனுக்கான கயாக்கும் உருவாயிற்று.

கிரீன்லாந்தின் இனுயிட் மக்களும், அலாஸ்காவின் யூபிக் மக்களும், அலூஷியன் தீவுகளின் உனாங்கன் மக்களும் கட்டிய கயாக், மரச்சட்டத்தின் மேல் கடல்நாய் அல்லது கடற்சிங்கத்தின் தோலைப் போர்த்தித் தைத்த, மேல்புறம் மூடிய ஒடுங்கிய படகாகும். கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கெகெர்டசுசுக் என்னும் இடத்தில் நடந்த அகழாய்வில், ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முந்தைய சக்காக் பண்பாட்டைச் சேர்ந்த படகுச் சட்டத் துண்டுகள் கிடைத்திருப்பதால், இந்தக் கைவினையின் தொன்மை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது. மரம் வளராத அந்நிலத்தில், தொலைதூர ஆறுகள் கடலில் சேர்த்துக் கரையொதுங்கிய மிதவை மரங்களே சட்டத்துக்கு மூலப்பொருள். அவற்றை மர ஆப்புகளாலும் தோல் வார்களாலும் பிணைத்ததால், அலையின் அடி விழும்போது சட்டம் முறியாமல் சற்றே நெளிந்து கொடுத்தது. தோலைத் தைக்கும் வேலை பெண்களுடையது. ஊசி தோலின் மறுபக்கத்தைத் துளைத்து வெளியேறாதபடி, அதன் தடிமனுக்குள்ளேயே செலுத்தி, விலங்கின் தசைநாரை நூலாகக் கொண்டு அவர்கள் தைத்தார்கள். நனைந்த நார் உப்பித் தையலின் இடைவெளியை அடைத்துக்கொண்டதால் நீர் உள்ளே கசியவில்லை. குளிர்ந்த கடலில் வேட்டைக்காரரின் உயிர் அந்தத் தையலின் நேர்த்தியை நம்பியிருந்தது.

படகின் அளவுகள் அதைச் செலுத்துபவரின் உடலிலிருந்தே எடுக்கப்பட்டன. இரு கைகளையும் விரித்தால் கிடைக்கும் பாகம் என்னும் அளவில் ஏறத்தாழ மூன்று பாகம் நீளம், இடுப்பின் அகலத்தோடு கைப்பிடி அளவைக் கூட்டினால் வரும் உட்காரும் குழியின் அகலம், நீட்டிய கால்களுக்குப் போதுமான ஆழம் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் விதிகள் வேறுபட்டாலும், ஒருவருக்காகக் கட்டிய கயாக் இன்னொருவருக்குச் சரியாகப் பொருந்தாது என்பது எங்கும் பொதுவாக இருந்தது. கிரீன்லாந்துக் கயாக் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்டது. கடல்நாயைச் சத்தமின்றி அணுகி எறியீட்டியால் தாக்க வேண்டிய வேட்டைக்கு இந்த ஒடுக்கம் உதவியது. படகு கவிழ்ந்தாலும் உட்கார்ந்தபடியே துடுப்பை வீசி நிமிர்ந்துவிடும் பயிற்சியும், குழியின் விளிம்போடு இறுகப் பிணைத்த தோல் அங்கியும் அந்த ஒடுக்கத்தின் ஆபத்தைக் குறைத்தன. கனடாவின் உள்நாட்டு ஏரிகளில் நீந்திக் கடக்கும் கரிபூ மான்களைத் துரத்தியவர்கள் அதைவிட இலேசான, விரைவான வடிவத்தைத் தேர்ந்தார்கள். அலாஸ்காவின் தென்கரையில் கயாக்கிலிருந்து கனத்த தூண்டில் முள்ளை இறக்கி காட், ஹேலிபட் மீன்களைப் பிடித்தவர்கள், ஆளை விடப் பெரிதாக வளரக்கூடிய ஹேலிபட்டைப் படகருகே இழுத்ததும் தடியால் அடித்து அடக்கிய பின்னரே மேலேற்றினார்கள். ஆகவே கயாக்கிலிருந்து தூண்டில் போடுவது இக்காலத்துப் புதுமையன்று; வேட்டைப் பொருளுக்கும் நீருக்கும் ஏற்ப வடிவத்தைத் தேர்வதும் அப்படியே.

கயாக் ஐரோப்பியர் கைக்கு வந்தபோது இந்த அளவுகோல் மாறியது. ஸ்காட்லாந்து மரபினரான ஜான் மக்ரெகர் 1865-இல் கருவாலி மரத்தால் உடலும் தேவதாரு மரத்தால் மேற்றளமும் அமைத்துக் கட்டுவித்த 'ராப் ராய்' படகு 15 அடி நீளமும் 28 அங்குல அகலமும் உடையது. ஜெர்மானிய ரயிலின் சரக்குப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பது அந்த நீளத்தைத் தீர்மானித்த காரணங்களுள் ஒன்று. அடுத்த ஆண்டில் அவர் வெளியிட்ட பயண நூல், துடுப்புப் படகில் தனியே ஊர் சுற்றுவதை நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்காக்கியது. 1905-இல் மியூனிக் நகரில் கட்டடக்கலை பயின்ற ஆல்ஃபிரட் ஹாய்ரிஷ், மரக்கழிகளைப் பிரித்துத் துணியோடு சுருட்டிப் பையில் எடுத்துச் செல்லத்தக்க மடக்குக் கயாக்கை வடிவமைத்து இசார் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். அதன் உரிமையை ரோசன்ஹைம் நகரின் தையற்காரரான யோஹான் கிளெப்பர் வாங்கித் தொழிலாக வளர்த்தார். பெர்லினில் 1936-இல் நடந்த ஒலிம்பிக் போட்டியில் கயாக் ஓட்டம் இடம்பெற்றபோது, அது வேட்டைக் கருவி என்ற நிலையைக் கடந்து விளையாட்டுக் கருவியாக நிலைபெற்றிருந்தது. ஒருவர் உடலுக்கென்று கட்டுவது மறைந்து, எடுத்துச் செல்லும் வசதியும் வேகமும் தேர்வின் அடிப்படைகளாயின.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் பாஸ் மீன்பிடிப்பு தனக்கென ஒரு வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தது. அமெரிக்கர் பிளாக் பாஸ் என்று அழைக்கும் மீன்கள் சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் வேட்டை மீன்கள். கண்ணைத் தாண்டி நீளும் வாயையுடைய லார்ஜ்மவுத் பாஸ் தேங்கிய, களை அடர்ந்த நீரையும், ஸ்மால்மவுத் பாஸ் பாறை நிறைந்த தெளிந்த நீரையும் விரும்புகின்றன. மருத்துவரான ஜேம்ஸ் ஹென்ஷல் 1881-இல் இம்மீன்களைப் பற்றித் தனி நூல் எழுதி, அதுவரை டிரவுட்டுக்கும் சால்மனுக்கும் அளிக்கப்பட்ட மதிப்பை இவற்றுக்கும் பெற்றுத் தர முயன்றார். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்னும் இளம் விவசாயி, தானே பலகை அடித்துச் செய்த சிறு படகிலிருந்து பிடித்த லார்ஜ்மவுத் 22 பவுண்டு 4 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 10.1 கிலோ எடை இருந்தது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அந்த எடையைச் சற்றே விஞ்சினாலும், பழைய சாதனையை முறியடிக்க விதி கோரும் இடைவெளி இல்லாததால் இருவரும் சமநிலையாளர்களாகவே பதிவாகியிருக்கிறார்கள். உலகச் சாதனை பெற்ற அந்த அமெரிக்க மீன் எஞ்சின் இல்லாத எளிய படகில் பிடிபட்டது என்பதைப் பின்னர் வந்த படகுத் தொழில் எளிதில் மறந்துவிட்டது.

டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1933-இல் தோன்றிய பின் தென் மாநிலங்களின் ஆறுகளில் அணைகள் பெருகின. மூழ்கிய காடுகளும் வளைந்து செல்லும் கரைகளும் கொண்ட பரந்த நீர்த்தேக்கங்கள் பாஸ் மீனுக்கு உகந்த வாழிடங்களாயின. மீன் இருக்கும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பல மைல் கடக்க வேண்டியிருந்ததால், வேகப் படகுக்குத் தேவை பிறந்தது. லூசியானாவின் ஹோம்ஸ் தர்மன் 1948-இல் கட்டிய 'ஸ்கீட்டர்' முதல் பாஸ் படகாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது. 1967 ஜூனில், ஒயிட் ஆற்றின் அணையால் உருவான ஆர்கன்சா மாநிலத்துப் பீவர் ஏரியில், காப்பீட்டு முகவரான ரே ஸ்காட் 106 பேரைத் திரட்டி நடத்திய போட்டி, தூண்டில் விளையாட்டைத் தொழில்முறைப் பந்தயமாக்கியது. 1968-இல் அவர் பாஸ் தூண்டிலாளர் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டில் ஃபாரஸ்ட் உட் 'ரேஞ்சர்' படகு நிறுவனத்தைத் தொடங்கினார். 1972 முதல் பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுமாறு ஸ்காட் வலியுறுத்தியதால், மீனை எடைபோடும் மேடை வரை உயிரோடு வைத்திருக்க நீரோட்டமுள்ள தொட்டி படகுகளில் கட்டாயமாயிற்று. போட்டியின் ஒவ்வொரு விதியும் படகை நீளமாக்கி, கனமாக்கி, எஞ்சினின் ஆற்றலை உயர்த்தியது; 250 குதிரைத்திறன் வரை வளர்ந்த அந்தப் படகுகள், சாதாரண வருமானமுள்ள பலருக்கு எட்டாத விலைக்குப் போயின.

இந்நிலையில் கயாக்கை மீண்டும் எளியவர் கைக்குக் கொண்டுவந்தது பிளாஸ்டிக். பாலிஎத்திலீன் தூளை வெற்று அச்சில் இட்டுச் சூடேற்றிச் சுழற்றினால், உருகிய பிளாஸ்டிக் அச்சின் உட்சுவரில் சீராகப் படிந்து மூட்டில்லாத ஒரே உடலாக இறுகும். சுழல்வார்ப்பு எனப்படும் இம்முறையில்தான் நம் மொட்டைமாடிகளில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளும் தயாராகின்றன. 1970களில் கலிஃபோர்னியாவின் ஹாலோஃபார்ம் நிறுவனம் இம்முறையில் ஆற்றுக் கயாக்குகளை வெளியிட்டது. பாறையில் மோதினாலும் உடையாத, மலிவான படகு அதனால் கிடைத்தது. அதே பத்தாண்டின் தொடக்கத்தில் மாலிபு கடற்கரையைச் சேர்ந்த டிம் நீமியர், அலைச்சறுக்குப் பலகையில் உட்காரப் பள்ளம் வெட்டிப் பார்த்த சோதனையிலிருந்து, மேல்புறம் திறந்த சிட்-ஆன்-டாப் கயாக் வளர்ந்தது. உடல் முழுதும் காற்றடைத்து மூடியிருக்க, மேலே விழும் நீர் சிறு துளைகள் வழியே கீழே வடிந்துவிடுவதால் இதில் நீரை இறைக்க வேண்டியதில்லை. மரங்களின் இடைவெளி வழியே அலைநீரை வடியவிடும் சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் இதே கொள்கையில் இயங்குவது. கவிழ்ந்தால் நீரிலிருந்தே ஏறிக்கொள்ளலாம் என்பதாலும், தூண்டில் கழியைச் செருகத் தளத்தில் இடமிருந்ததாலும், கலிஃபோர்னிய, டெக்சாஸ், ஃபுளோரிடக் கடற்கரைத் தூண்டிலாளர்கள் இவ்வகையை விரைவில் தழுவினார்கள்.

இந்தக் கடல் படகு உள்நாட்டு ஏரிக்குப் போனபோதுதான் பாஸ் கயாக் என்னும் தனிவகை தோன்றியது. இளவேனிலில் பாஸ் மீன்கள் கரையோர ஆழமற்ற நீரில் கூடு பறித்து முட்டையிடும். ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கும். நிற்கும் தூண்டிலாளருக்கு நீருக்குள் கூடும் மீனும் தெரியும்; தாழ உட்கார்ந்தவருக்கு நீர்ப்பரப்பின் ஒளிர்வே தெரியும். எழுந்து நிற்க முடிகிற கயாக் வேண்டும் என்ற தேவை இதிலிருந்து எழுந்தது. அது படகின் அகலத்தைக் கூட்டியது. படகு அசையாதிருக்கும்போது உணரும் உறுதியைத் தொடக்கச் சமநிலை என்றும், ஒரு பக்கம் சாய்ந்த பின் மேலும் கவிழாமல் தாங்குவதைச் சாய்வுச் சமநிலை என்றும் படகு வடிவமைப்பாளர் பிரிப்பர். ஒடுங்கிய துருவக் கயாக் இரண்டாவதை நம்பியது. நின்று தூண்டில் வீசுவதற்கான கயாக், தட்டையான அகன்ற அடிப்பகுதியால் முதலாவதைத் தேடியது. இரட்டை உடல் பாய்மரப் படகுகளால் புகழ்பெற்ற ஹோபி கேட் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட பெடல் இயக்கம், பென்குவினின் துடுப்புச் சிறகுகளைப் போல நீருக்கடியில் பக்கவாட்டில் அசையும் இரு சிறகுகளைக் காலால் இயக்கி, தூண்டில் கழிக்கென்று கைகளை விடுவித்தது. அந்நிறுவனம் 2009-ஐ ஒட்டி விற்பனைக்குக் கொண்டுவந்த 'ப்ரோ ஆங்லர்' ஏறத்தாழ 14 அடி நீளமும் 38 அங்குல அகலமும் உடையது. அடுத்து வந்த ஜாக்சன் நிறுவனத்தின் 'கூசா', ஓடும் ஆற்றில் பாஸ் பிடிப்பவரின் தேவைக்கென்றே உயர்ந்த சட்ட இருக்கையோடு வடிவமைக்கப்பட்டது.

போட்டியின் முறையும் இப்படகுக்கேற்ப மாறியது. கயாக் போட்டியில் மீனை எடைபோடுவதில்லை; அளவுப் பலகையில் கிடத்தி, அன்றைய அடையாளக் குறியோடு படமெடுத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு, மிக நீளமான ஐந்து மீன்களின் மொத்த நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். தொட்டி தேவையற்றுப் போயிற்று. மீனும் தன் கூட்டிலிருந்து மைல் கணக்கில் அகற்றப்படுவதில்லை. ரே ஸ்காட் நிறுவிய சங்கமே 2020-இல் கயாக்குக்கெனத் தனிப் போட்டித் தொடரைத் தொடங்கியது, இம்முறை பெற்ற ஏற்புக்குப் போதிய சான்று.

இவ்வரலாறு இன்றைய தேர்வுக்குத் தரும் பாடம் தெளிவானது. அகலம் கூடக் கூட நிற்பது எளிதாகிறது, ஆனால் துடுப்பு கனக்கிறது, உயர்ந்த இருக்கையில் காற்று மோதுகிறது, படகைக் கார்க் கூரைமேல் ஒருவரே ஏற்ற முடியாமல் போகிறது. பரந்த நீர்த்தேக்கத்தில் நெடுந்தூரம் செல்பவருக்கு நீண்ட பெடல் கயாக் தகும். கல்லும் களையும் நிறைந்த ஓடையில் பெடலின் சிறகு தட்டும் என்பதால், அங்கே 10 முதல் 12 அடிக்குள் அடங்கும் துடுப்புக் கயாக்கே நல்லது. ஆளும் கருவிகளும் சேர்ந்த எடை, தயாரிப்பாளர் குறித்த சுமைத்திறனுக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்க வேண்டும். அதிக விலையும் அதிக வசதியும் உள்ள படகே சிறந்தது என்னும் எண்ணம் பாஸ் படகுகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைக் கண்ட பிறகும், அதே வழியில் கயாக்கும் செல்வது வருந்தத்தக்கது. வாங்க நினைப்பவர் தன் உடல் எடையையும், அடிக்கடி போகும் நீரின் ஆழத்தையும், வண்டியிலிருந்து கரைவரை படகைத் தூக்கிச் செல்ல வேண்டிய தூரத்தையும் முதலில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே விலைப்பட்டியலைத் திறக்க வேண்டும். வாங்கும் பொருள்களின் பட்டியலில் முதல் வரியில் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும்.