மூன்று யானைகளும் மூத்தம்மா கண்ட புகையும்

யப்பானில் வாகன வியாபாரம் செய்யும் என் மருமகன் விடுமுறையில் கிண்ணியாவுக்கு வந்தபோது, பேத்திக்கு ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டுவந்தார். ஆங்கிலப் பதிப்பு. நான் பக்கம் பக்கமாக வாசித்துத் தமிழில் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் உலகப்போர்க் காலம். டோக்கியோவின் உயேனோ மிருகக்காட்சிசாலையில் ஜோன், டொங்கி, வன்லி என்று மூன்று யானைகள். குண்டு விழுந்து கூடுகள் உடைந்தால் மிருகங்கள் ஊருக்குள் புகுந்துவிடும் என்று, அவற்றைக் கொல்லும்படி கட்டளை வருகிறது. நஞ்சு கலந்த உருளைக்கிழங்கை யானை தின்ன மறுக்கிறது. ஊசி தோலில் ஏறவில்லை. கடைசியில் பட்டினி போடுகிறார்கள். மெலிந்துபோன யானைகள், சாப்பாடு கிடைக்கும் என்ற ஆசையில், பழக்கிய வித்தைகளை எல்லாம் செய்து காட்டுகின்றன. அந்த இடத்தில் எனக்குக் குரல் கம்மிவிட்டது.

பேத்தி அழவில்லை. “அந்தக் குண்ட ஆரு மூத்தாப்பா போட்ட?” என்று கேட்டாள்.

“அமெரிக்காக்காரன்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் மூத்தம்மாவின் ஞாபகம் வந்தது. “யப்பான்காரன் குண்டு போட்ட கிழமதான் உண்ட வாப்பா தவழத் தொடங்கின. எண்ணெய்க் குதம் எரிஞ்ச பொக நாள்கணக்கா அடங்கல்ல” என்று அவ அடிக்கடி சொல்வா. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சீனன்குடா எண்ணெய்க் குதமொன்று பற்றி எரிந்தது. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. எங்கள் வீட்டுக் கதையில் குண்டு போட்டவன் யப்பான்காரன். பேத்தியின் புத்தகத்தில் குண்டுக்குப் பயந்தவன் அவன்.

இந்த முரண் மனதைக் குடைய, அக்கதையின் பின்னணியைத் தேடத் தொடங்கினேன். அதை எழுதியவர் சுச்சியா யுக்கியோ. 1951இல் வெளிவந்தது. யப்பானியத் தலைப்பைத் தமிழில் ‘பாவம் யானைகள்’ எனலாம். 1970இல் தனிப் படநூலானது. 1967இலிருந்து பல்லாண்டுகளாக, போர் முடிந்த நாளான ஒகஸ்ட் 15இல், அக்கியாமா சியேக்கோ என்ற பெண்மணி அதை வானொலியில் வாசித்துவந்தார். ஒரு நாடு தன் பிள்ளைகளுக்கு யுத்தத்தின் கொடுமையை எடுத்துச்சொல்லத் தெரிந்தெடுத்த கதைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் ஆய்வாளர்கள் காட்டும் வரலாறு கொஞ்சம் வேறு. கதையில் டோக்கியோ மீது குண்டுகள் விழுந்துகொண்டிருக்கின்றன. யானைகளைக் கொன்றதோ 1943 ஒகஸ்ட், செப்டெம்பரில். 1942 ஏப்ரலில் நடந்த ஒரு தாக்குதலைத் தவிர, டோக்கியோ மீதான பெரும் குண்டுவீச்சு 1944 நவம்பரில்தான் தொடங்கியது. கட்டளையிட்டவர் டோக்கியோ ஆளுநர் ஓதாச்சி ஷிகேயோ. அதற்குமுன் யப்பானியர் பிடித்துவைத்திருந்த சிங்கப்பூரில் நகரத் தலைவராக இருந்தவர். ஒரு யானையை ஏற்க செண்டாய் நகர மிருகக்காட்சிசாலை முன்வந்திருந்தும் அவர் இணங்கவில்லை. யுத்தம் எவ்வளவு பாரதூரமானது என்பதை மக்களுக்கு உணர்த்தவே இதைச் செய்தார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். செப்டெம்பர் 4ஆம் திகதி, பிள்ளைகளையும் கூட்டிவைத்து, பௌத்த முறைப்படி மிருகங்களுக்கு அஞ்சலி நடத்தினார்கள். அந்நேரம் இரண்டு யானைகள் இன்னும் உயிரோடு பட்டினி கிடந்தன. கடைசியாக டொங்கி இறந்தது 23ஆம் திகதி.

ஆக, அந்தப் புத்தகத்தில் நான் கண்டது இரண்டு. செத்த மிருகத்துக்கும் அஞ்சலி செய்யும் ஒரு சமூகத்தின் வழக்கமும், அது தன் பிள்ளைகளுக்குக் கடத்த விரும்பிய துக்கமும் ஒன்று. மற்றது, சொல்லாமல் விட்டது: கட்டளையிட்ட கை சொந்தக் கை என்பதும், அதே யுத்தத்தில் திருகோணமலையிலும் புகை எழுந்தது என்பதும்.

இதற்காக யப்பானியச் சிறுவர் இலக்கியம் முழுவதும் இப்படித்தான் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. குரோயானகி தெத்சுக்கோவின் ‘டோட்டோ சான்’ 1981இல் வந்தது. தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்கிறது. பகல் சாப்பாட்டில் கடலில் கிடைப்பதும் நிலத்தில் விளைவதும் இருக்கவேண்டும் என்று கேட்கும் தலைமையாசிரியர் கொபயாஷியைப் படித்தால், மீனும் முருங்கைக்கீரையும் தின்று வளர்ந்த நமக்கு அவர் அந்நியராகத் தெரியமாட்டார். அந்தப் பள்ளிக்கூடமும் 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஆனால் அதே புத்தகத்தில் ஒரு கொரியச் சிறுவன் வருகிறான். மற்றவர்கள் தன்னை இழிவாகக் கூப்பிட்டு ஏசுவதைக் கேட்டுக் கேட்டு, ‘கொரியன்’ என்பதே ஒரு ஏச்சு வார்த்தை என்று எண்ணி, டோட்டோ சானைப் பார்த்து அதையே கத்துகிறான். 1910 முதல் 1945 வரை கொரியாவை யப்பான் ஆண்ட கதையை அந்த ஒரு சம்பவம் பிள்ளைக்கு உணர்த்திவிடுகிறது.

ஆகவே ஒரு நாட்டை அறியப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கும்போது ஒன்றோடு நிற்காமல் இரண்டாவது கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருந்து, பிள்ளை கேட்கும் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்லவும் வேண்டும். நான் அன்று பேத்தியிடம் மூத்தம்மாவின் கதையையும் சொன்னேன். “அப்ப ரெண்டு பேரும் போட்டாங்களா?” என்றாள். ஓம் என்றேன்.

பிறகு என் அலுமாரியைக் கிளறினேன். டோக்கியோவில் ஒரு பிள்ளை கிண்ணியாவை, மூதூரை, 1990இல் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களை அறிய விரும்பினால் எடுத்துக்கொடுக்க ஒரு சிறுவர் நூலும் என்னிடம் இல்லை. கவிதைத் தொகுதிகள் இருக்கின்றன, ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளை வாசிக்க ஒன்றுமில்லை. டோக்கியோவை விடுங்கள், பக்கத்து ஊர்த் தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் கொடுக்கவும் இல்லை.

யாராவது அதை எழுத வேண்டும். எழுதும்போது நம் பக்கம் விழுந்த குண்டை மட்டும் எழுதி முடித்துவிடக் கூடாது. நம் கை செய்ததும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், எங்கேயோ ஒரு பேத்தி, “அதை ஆரு செய்த?” என்று கேட்கும்போது, பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுகிறவர் என்னைப்போலத்தான் தடுமாறுவார்.