மேசைக் கணினியில் சூழொலி

மேசைக் கணினியில் சூழொலி என்பது, வீட்டிலுள்ள மேசைக் கணினியுடன் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஒலிபெருக்கிகளை இணைத்து, கேட்பவரின் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் ஆகிய திசைகளிலிருந்து தனித்தனி ஒலிகள் வருமாறு அமைப்பதாகும். பேச்சு வழக்கில் இது சரவுண்ட் சவுண்டு எனப்படுகிறது. திரைப்படம் பார்த்தல், கணினி விளையாட்டு, இசை ஆகியவற்றுக்கு இவ்வமைப்பு பயன்படுகிறது.

ஆறு ஒலிபெருக்கிகளை வாங்குவதால் மட்டும் சூழொலி கிடைத்துவிடுவதில்லை. மூலக் கோப்பில் பல தடங்கள் இருத்தல், இயங்குதளம் அவற்றைத் தனித்தனியே அனுப்புதல், கம்பிகள் உரிய துளைகளில் செருகப்படுதல், அறை எதிரொலியால் திசையைக் குழப்பாதிருத்தல் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். இவற்றுள் கடைசியானது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. மதுரை நகரிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் பரவலாக உள்ள கான்கிரீட் கூரை, பூசிய செங்கற்சுவர், ஓடு பதித்த தரை கொண்ட அறைகளில் இதுவே முதன்மைச் சிக்கலாகும்.

வரலாறு

பல தட ஒலி முதலில் திரையரங்குகளுக்காகவே உருவாக்கப்பட்டது. 1940 இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் ஃபேன்டேசியா படத்துக்கென ஃபேன்டசவுண்டு என்னும் முறை அமைக்கப்பட்டது. எண்முறை ஒலியில், டால்பி டிஜிட்டல் 1992 இல் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்துடனும், டி.டி.எஸ். 1993 இல் ஜுராசிக் பார்க் படத்துடனும் அறிமுகமாயின.

மதுரையில் 1952 இல் பராசக்தி திரைப்படத்துடன் திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கம், 2,500 க்கும் மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டிருந்தது. அக்காலத்துத் தமிழ்ப் படங்களில் ஒற்றைத் தட ஒலியே இருந்தது. அது திரைக்குப் பின்னிருந்து மட்டும் கேட்டது. 1986 இல் மாவீரன் 70 மி.மீ. படமாகப் பல தட ஒலியுடன் வெளிவந்தது. டால்பி ஒலியமைப்பில் குருதிப்புனல் (1995), டி.டி.எஸ். ஒலியமைப்பில் கருப்பு ரோஜா (1996) ஆகியவை தமிழில் முன்னோடிப் படங்களாகக் குறிப்பிடப்படுகின்றன. 2012 இல் சிவாஜி படத்தின் முப்பரிமாண வடிவம் டால்பி அட்மாஸ் ஒலியுடன் வெளியிடப்பட்டது.

கணினிகளைப் பொறுத்தவரை, சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1998 இல் வெளியிட்ட சவுண்டு பிளாஸ்டர் லைவ் ஒலி அட்டை நான்கு ஒலிபெருக்கிகளை இயக்கும் திறன் பெற்றிருந்தது. 2004 இல் இன்டெல் அறிவித்த எச்.டி. ஆடியோ தரநிலை எட்டுத் தடங்கள் வரை இடமளித்தது. இதன் பின்னர்த் தனி ஒலி அட்டை இல்லாமல் தாய்ப்பலகையிலிருந்தே சூழொலி பெறுவது பரவலாயிற்று.

தத்துவம்

ஓர் ஒலி வலப்புறமிருந்து வருமாயின் அது இடக்காதை விட வலக்காதைச் சற்று முன்னதாக அடைகிறது. இக்கால வேறுபாடு அதிக அளவாக 0.7 மில்லிநொடிக்குள் அமையும். இவ்வேறுபாட்டையும், இரு காதுகளிலும் ஒலி கேட்கும் அளவின் வேறுபாட்டையும் கொண்டு மூளை திசையை அறிகிறது. முன், பின் வேறுபாட்டைக் காது மடலின் வடிவமும் தலை அசைவும் உணர்த்துகின்றன.

ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சில மில்லிநொடி இடைவெளியில் வந்தால், முதலில் வந்த திசையையே மூளை ஏற்கிறது. 1949 இல் இதனை ஆராய்ந்து எழுதிய எல்முட் ஆசு என்பவரின் பெயரால் இது ஆசு விளைவு எனப்படுகிறது. எனவே ஒலிபெருக்கிகளின் தொலைவு சூழொலியில் முக்கியமானது. 35 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 352 மீட்டர். இதன்படி, ஒலிபெருக்கி 1 மீட்டர் தள்ளியிருந்தால் அதன் ஒலி ஏறத்தாழ 2.8 மில்லிநொடி பிந்தி வரும்.

தடங்களின் அமைப்பு

சூழொலி அமைப்புகள் 5.1, 7.1 என எண்களால் குறிக்கப்படுகின்றன. புள்ளிக்கு முன்னுள்ள எண் முழு அலையெண் தடங்களையும், பின்னுள்ள 1 தாழொலித் தடத்தையும் குறிக்கும்.

* 2.1: முன் இடம், முன் வலம், தாழொலிப் பெட்டி. இது சூழொலி அன்று.
* 4.0: முன் இரண்டு, பின் இரண்டு.
* 5.1: முன் இடம், நடு, முன் வலம், சூழ் இடம், சூழ் வலம், தாழொலிப் பெட்டி.
* 7.1: மேற்கூறியவற்றுடன் பின்புறம் மேலும் இரண்டு.

திரைப்படங்களில் உரையாடல் பெரும்பாலும் நடுத் தடத்திலேயே பதியப்படுகிறது. நடு ஒலிபெருக்கி இணைக்கப்படாத நிலையில் கணினியை 5.1 என அமைத்தால், இசை கேட்கும், பேச்சு கேட்காது. இது அடிக்கடி நேரும் குழப்பமாகும்.

இணைப்புத் துளைகள்

1990களின் இறுதியில் வகுக்கப்பட்ட பி.சி. 99 வழிகாட்டியின் நிறங்களைத் தாய்ப்பலகைகள் பின்பற்றி வருகின்றன.

* பச்சை: முன் ஒலிபெருக்கிகள்
* கருப்பு: பின் (சூழ்) ஒலிபெருக்கிகள்
* ஆரஞ்சு: நடு ஒலிபெருக்கி, தாழொலிப் பெட்டி
* சாம்பல்: 7.1 அமைப்பின் பக்க ஒலிபெருக்கிகள்
* இளநீலம்: வெளியிலிருந்து வரும் ஒலியின் உள்ளீடு
* இளஞ்சிவப்பு: ஒலிவாங்கி

மூன்று துளைகள் மட்டும் உள்ள தாய்ப்பலகைகள் பலவற்றில், 5.1 தெரிவு செய்யப்பட்டதும் இளநீலத் துளை பின் ஒலிபெருக்கிகளுக்கும், இளஞ்சிவப்புத் துளை நடு மற்றும் தாழொலிக்கும் மாறிவிடுகின்றன. இதனைத் தாய்ப்பலகையின் கையேட்டில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எஸ்.பி.டி.ஐ.எஃப். எனப்படும் எண்முறைத் துளை, அமுக்கப்படாத ஒலியில் இரண்டு தடங்களையே கடத்தும். அமுக்கப்பட்ட டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். ஒலிகளை 5.1 ஆகவே கடத்தும். ஆகவே டி.வி.டி. படங்களில் சூழொலி கேட்டாலும் விளையாட்டுகளில் கேட்காமல் போவதுண்டு. எச்.டி.எம்.ஐ. இணைப்பு அமுக்கப்படாத எட்டுத் தடங்களைக் கடத்தக்கூடியது.

சென்னை ரிச்சி தெரு, மதுரை டவுன் ஹால் சாலை போன்ற மின்னணுச் சந்தைகளில் 5.1 பெட்டிகளின் மேல் பி.எம்.பி.ஓ. வாட் அளவு பெரிய எண்களில் அச்சிடப்பட்டு விற்கப்பட்டது. இவ்வளவுக்கு ஏற்கப்பட்ட தரநிலை ஏதுமில்லை. ஆர்.எம்.எஸ். எனக் குறிக்கப்படும் தொடர் திறனே ஒப்பிடத் தக்கது. சிறிய அறையில் ஒரு தடத்துக்கு 10 வாட் ஆர்.எம்.எஸ். போதுமானதாகும்.

ஒலிபெருக்கிகளை வைத்தல்

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ். 775 பரிந்துரைப்படி, கேட்பவரை மையமாகக் கொண்ட வட்டத்தில் ஒலிபெருக்கிகள் பின்வருமாறு அமைய வேண்டும்.

* நடு: 0 பாகை (கணினித் திரையின் மேல் அல்லது கீழ்)
* முன் இடம், வலம்: 30 பாகை
* சூழ் இடம், வலம்: 100 முதல் 120 பாகை, அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னே

முன் ஒலிபெருக்கிகளின் உயரம் காது மட்டத்தில் இருத்தல் நன்று. சூழ் ஒலிபெருக்கிகள் சற்று உயரமாக இருக்கலாம்.

கணினி மேசை பெரும்பாலும் சுவரை ஒட்டியே போடப்படுகிறது. முன் ஒலிபெருக்கிகள் 0.8 மீட்டர் தொலைவிலும், சூழ் ஒலிபெருக்கிகள் எதிர்ச் சுவரில் 1.6 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். தொலைவு இருமடங்காவதால் பின் ஒலி கொள்கையளவில் 6 டெசிபெல் குறைந்தும், 2.3 மில்லிநொடி பிந்தியும் வரும். பின் ஒலியின் அளவைக் கூட்டியும், முன் ஒலியைத் தாமதப்படுத்தியும் இதனைச் சரிசெய்யலாம். தாமத வசதி இல்லையெனில், சூழ் ஒலிபெருக்கிகளைத் தாங்கியின் மேல் நாற்காலிக்கு அருகில் கொண்டுவருவதே எளிய வழி.

ஏறத்தாழ 80 எர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட ஒலியின் திசையைக் காது எளிதில் அறியாது. ஆதலால் தாழொலிப் பெட்டியை எங்கும் வைக்கலாம். மூலையில் வைத்தால் அதன் ஒலி மிகும், ஆனால் தெளிவு குறையக்கூடும். பெட்டியைக் கேட்பவரின் நாற்காலியில் வைத்து ஒலிக்கச் செய்து, அறையில் எவ்விடத்தில் தாழொலி சீராகக் கேட்கிறதோ அவ்விடத்தில் பெட்டியை நிலைநிறுத்துவது நடைமுறையில் உள்ள முறையாகும்.

அறையின் தன்மை

அறையில் ஒலி அடங்குவதற்கு ஆகும் நேரத்தைச் சபைன் வாய்பாடு தருகிறது. அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சு பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் குறைய ஆகும் நொடிகள் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 3.6 மீட்டர் நீளமும், 3 மீட்டர் அகலமும், 3 மீட்டர் உயரமும் கொண்ட அறையின் கன அளவு 32.4 கன மீட்டர், உட்பரப்பு 61.2 சதுர மீட்டர். வண்ணம் பூசிய சுவரும் ஓடு பதித்த தரையும் தம்மீது விழும் ஒலியில் 100 இல் 2 பங்கு அளவே உறிஞ்சுகின்றன. ஆகவே வெற்றறையின் உறிஞ்சு பரப்பு 1.2 சதுர மீட்டர் மட்டுமே, ஒலி அடங்கும் நேரம் 4 நொடிக்கும் மேல். இந்நிலையில் பின்புறப் பெட்டியின் ஒலி எல்லாச் சுவர்களிலிருந்தும் திரும்பி வருவதால் திசை உணர்வு மங்கிவிடும். உரையாடலும் தெளிவாகக் கேட்காது.

மெத்தையிட்ட கட்டில், தடித்த திரைச்சீலை, துணி அடுக்கிய திறந்த அலமாரி, நூலடுக்கு ஆகியவை சேர்ந்து உறிஞ்சு பரப்பை 10 சதுர மீட்டராக உயர்த்தினால், அந்நேரம் அரை நொடியாகக் குறைகிறது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர்ப் பகுதியிலிருந்து வரும் இலவம்பஞ்சில் செய்த மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து வைப்பதும் பயன் தரும். மெல்லிய கோரைப்பாய் உயர் அலையெண்களை மட்டுமே ஓரளவு குறைக்கும். சுவரில் ஒட்டப்படும் முட்டைத் தட்டுகள் தாழொலியைக் குறைப்பதில்லை. மேலும் அவை எளிதில் தீப்பற்றக்கூடியவை.

திறந்த சன்னல் தன்மீது விழும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடுகிறது. மதுரையில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பம் 40 பாகையை எட்டுவதுண்டு. அந்நாட்களில் சன்னலைத் திறந்து மின்விசிறியை இயக்கினால் எதிரொலி குறையும். ஆயினும் தெருவின் இரைச்சலும் விசிறியின் ஓசையும் மெல்லிய பின் ஒலிகளை மறைத்துவிடும்.

இணைச் சுவர்களுக்கிடையே நிலை அலைகளும் உருவாகின்றன. 3.6 மீட்டர் இடைவெளியில் 49 எர்ட்சிலும், 3 மீட்டர் இடைவெளியில் 59 எர்ட்சிலும் தாழொலி அதிரும். மேற்கண்ட அறையில் அகலமும் உயரமும் சமமாக இருப்பதால் 59 எர்ட்சு இருமுறை வலுப்பெறும். நீளம், அகலம், உயரம் மூன்றும் வெவ்வேறாக உள்ள அறையே சிறந்தது.

இயங்குதள அமைப்பும் சோதனையும்

விண்டோஸ் இயங்குதளத்தில், கட்டுப்பாட்டுப் பலகத்தின் ஒலிப் பகுதியில் உரிய கருவியைத் தெரிந்து, அதன் அமைவில் 5.1 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதனைச் செய்யாதவரை பல கணினிகள் இரண்டு தட ஒலியையே அனுப்பும். லினக்ஸ் வழங்கல்களில், ஒலி அமைவில் அனலாக் சரவுண்டு 5.1 என்னும் தெரிவைச் செய்தல் வேண்டும்.

இரண்டிலும் ஒவ்வொரு ஒலிபெருக்கியாக ஒலிக்கச் செய்யும் சோதனை வசதி உள்ளது. லினக்சில் ஸ்பீக்கர்-டெஸ்ட் என்னும் கட்டளை ஆறு தடங்களின் பெயர்களையும் உரிய பெட்டியில் கூறும். இடம், வலம் மாறியிருந்தாலோ, நடுவில் வர வேண்டியது பின்னே கேட்டாலோ கம்பிகளை மாற்றிச் செருக வேண்டும். வேறெதையும் மாற்றுமுன் இச்சோதனையைச் செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூல ஒலி

தமிழ்நாட்டில் 2000களில் பரவலாக விற்ற வி.சி.டி. வட்டுகளில் இரண்டு தட ஒலியே இருந்தது. டி.வி.டி. வட்டுகளில் டால்பி டிஜிட்டல் 5.1 ஒலி நொடிக்கு 448 கிலோபிட் வேகம் வரை பதியப்பட்டது. திரைப்படப் பாடல்கள் பெரும்பாலும் இரண்டு தடங்களாகவே வெளியிடப்படுகின்றன. அவற்றை ஆறு பெட்டிகளிலும் ஒலிக்கச் செய்யும் வசதி ஒரே ஒலியைப் பரப்புகிறதேயன்றிச் சூழொலியை உருவாக்குவதில்லை. டால்பி புரோ லாஜிக் II போன்ற முறைகள் இரண்டு தடங்களின் வேறுபாட்டிலிருந்து பின் ஒலியைக் கணித்துத் தருகின்றன.

மின் பாதுகாப்பு

இந்தியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட், அலையெண் 50 எர்ட்சு. கணினியும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு சுவர்த் துளைகளிலிருந்து மின்சாரம் பெறும்போது, எர்த் எனப்படும் புவி இணைப்பில் வளையம் உண்டாகி, 50 அல்லது 100 எர்ட்சில் ரீங்காரம் கேட்கும். இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் இணைத்தால் இது பெரும்பாலும் நீங்கும். நீங்காவிடில் ஒலிக்கம்பியின் இடையே தனிப்படுத்தும் மின்மாற்றியைப் பொருத்தலாம்.

ரீங்காரத்தைப் போக்க மூன்று முனைச் செருகியின் புவி முனையை நீக்குவது உயிருக்கு ஆபத்தானது. கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடும்போது மின்னதிர்வு உணரப்பட்டால், வீட்டின் புவி இணைப்பை மின் பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் இயங்கும்போது கேட்கும் இரைச்சல் அந்த அலை வடிவத்தினால் வருவது, பெட்டியின் பழுது அன்று.

ஒலி அளவு

உலக நலவாழ்வு அமைப்பு, பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பதைப் பாதுகாப்பான எல்லையாகக் கொள்கிறது. இந்தியாவின் ஒலி மாசு விதிகள் (2000), குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என வரையறுக்கின்றன.

மதுரையின் மாசி வீதிகளுக்கு உட்பட்ட பழைய நகரப் பகுதியில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியவை. இத்தகைய வீடுகளில் பேச்சொலியைத் தடுக்கும் சுவர்கள் கூடத் தாழொலியை எளிதில் கடத்திவிடும். தாழொலிப் பெட்டியைத் தரையில் நேரடியாக வைக்காமல் இரப்பர் அட்டையின் மேல் வைப்பதும், இரவில் அதன் அளவைக் குறைப்பதும் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் காக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

* ஒலி அட்டை
* ஒலிபெருக்கி
* எதிரொலி
* டால்பி டிஜிட்டல்
* ஒலி மாசு